குளத்தோரம் எழுநூறு மீட்டர்

வெர்நுவா, 9 பிப்ரவரி 2014

அன்புள்ள தம்பி எர்வேக்கு,

அக்கா மிரெய் எழுதுவது. நானும் உன் அத்தான் ழோயெலும் சுகம். கோழிகள் பன்னிரண்டும் சுகம், முட்டை மட்டும் இடுவதில்லை. உன் இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது? ஈரக் காற்றுக்குக் குடைகிறதா?

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் காட்டுக்குள் ஊராட்சி ஒரு சைக்கிள் பாதை போடப்போகிறது. மொத்தம் முப்பத்தெட்டு கிலோமீட்டர், எல்லாம் சரளை. அதற்கு அடையாளம் குறித்துப் பலகை நட வேண்டிய பொறுப்பாளர் உன் அக்கா. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். மேயருக்குத் தெரியாது.

"மிரெய், உனக்கு சைக்கிள் ஓட்ட வரும்ல?" என்று மேயர் லாந்த்ரோ கேட்டார்.

"என்ன மேயர், என்னைப் போய் இப்படிக் கேக்கலாமா?" என்றேன்.

பொய்யா சொன்னேன்? கேள்விதானே கேட்டேன். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டால் அது அவர் பாடு. புல் வெட்ட, சாக்கடை தோண்ட, கல்லறைத் தோட்டம் பெருக்க என்று இந்த ஊராட்சிக்கு இருக்கும் ஒரே வேலையாள் நான். இதற்கு வேறு யாரைப் பிடிப்பார்?

நான்கு சனிக்கிழமை, முப்பத்தெட்டு கிலோமீட்டரையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். தள்ளினால் சைக்கிள்காரி மாதிரி இருக்கும் அல்லவா? வழியில் பார்த்த ஒன்பது பேர் "பஞ்சரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஒரு நல்ல மனிதர் இறங்கி வந்து டியூபையே மாற்றிக் கொடுத்துவிட்டார். பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று ரொம்ப நேரம் தேடினார், பாவம்.

பாதை எப்படி இருக்கிறது தெரியுமா, எர்வே! மரம் இழுத்த பழைய வண்டித் தடங்கள்தான். நம் மண்ணின் இளஞ்சிவப்புச் சரளை, இரண்டு பக்கமும் பீச் மரம், மேலே போகப் போக தேவதாரு. நான்கு மணி நேரம் நடந்தேன், ஒரு மோட்டார் சத்தம் காதில் விழவில்லை. மரங்கொத்தி சத்தம் கேட்டது, அதற்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது.

ஒரே ஒரு குறை. மலையடியில் எழுநூறு மீட்டர் மட்டும் பெரிய சாலையில் ஏறியாக வேண்டும். மரம் ஏற்றிய லாரிகள் இறங்கும் சாலை. சாலையைத் தவிர்க்க ஒரு வழிதான் உண்டு, குளத்தோரப் பாதை. அதன் குறுக்கே வாத்து வேட்டைக்காரன் வோஷ்லே சங்கிலி போட்டு வைத்திருக்கிறான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கோடையில் வா. உன் சைக்கிளோடு வா. தொலைபேசியை நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு கிறிஸ்துமஸ் மரத்தோட்டத்துக்குப் போனவளின் எழுத்து இது, திட்டாமல் படி. இருபத்திரண்டு வருடம் தபால்காரனாக இருந்தவன், வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைக்கமாட்டாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

அன்புடன் அக்கா,
மிரெய்


லீல், 21 பிப்ரவரி 2014

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். இடுப்பு ஆறிவிட்டது, மருத்துவரும் அதையே சொல்கிறார். நீயும் அத்தானும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

இங்கே மழை. இன்று சந்தை நாள். தெருவில் பதினேழு குடைகள் போயின, மூன்று சிவப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. ரொட்டிக்கடைக்காரருக்கு உச்சியில் வழுக்கை விழுந்துவிட்டது. எதிர் வீட்டு நாய்க்கு முதுகில் வெள்ளைத் திட்டு ஒன்று இருக்கிறது, சரியாக நம் மாவட்டத்தின் வடிவம். வாசலுக்கு நேர் கீழே புதிதாக ஒரு ஜெராக்ஸ் கடை வந்திருக்கிறது. கூரைத் தகடு பச்சை.

சைக்கிள் நிலவறையில் இருக்கிறது. அதுவும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கோடையில் வேலை இருக்கும். பார்க்கலாம். பக்கத்து வீட்டு வத்தெல் அம்மாள் ரொட்டி கொண்டு வந்துவிட்டார், இத்துடன் முடிக்கிறேன். சைக்கிள் ஓட்டத் தெரியாததை மேயரிடம் சொல்லிவிடு. பின்னால் தெரிந்தால் அசிங்கம்.

இருவரும் உடல்நலம் பேணவும்.

தம்பி,
எர்வே


வெர்நுவா, 2 மார்ச் 2014

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் விசாரிப்புகள். அத்தானுக்குச் சளி. ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை பேசுகிறவர், இப்போது இருமலையும் சேர்த்து எட்டு. நீ தும்மாமல் இருக்கிறாயா?

வேலையை விட்டு இரண்டு வருடமாக உதவித்தொகையில் இருக்கிறவனுக்குக் கோடையில் என்ன வேலை, குடை எண்ணுவதா? சரி, அது கிடக்கட்டும்.

வோஷ்லேயைப் பார்க்கப் போனேன். சங்கிலிக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சுச் சட்டையும் துப்பாக்கியுமாக நின்றான். வயது ஐம்பதாகிறது, அந்தச் சட்டையில் பழுத்துப்போன பூசணி மாதிரி இருக்கிறான்.

"என்னா மிரெய், சைக்கிளைத் தள்ளிக்கிட்டே வர்றே? ஏறி மிதிக்க மாட்டியா?"

"உன் சங்கிலியில இடிச்சுக்குவேன்னுதான். அவுத்து விடேன்."

"இது எங்க பாதை. முப்பது வருஷமா ஒரு ஈ காக்கா நடந்ததில்ல. சைக்கிள்காரப் பய எல்லாம் வந்தா என் வாத்து ஒண்ணும் குளத்துல தங்காது."

"வாத்தை நீ சுடாம விட்டா அது ஏன் போவப்போவுது?"

"போ போ, உன் சாக்கடையப் போய்த் தோண்டு."

மேயரிடம் சொன்னேன். பழைய வரைபடத்தில் அது ஊர்ப் பாதைதானாம். ஆனால் இந்த முப்பது வருடத்தில் ஊரார் அதில் போய்வந்தார்கள் என்று காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் தங்கள் கையெழுத்தில் சாட்சிக் கடிதம் எழுதி, அடையாள அட்டையின் ஜெராக்ஸை இணைத்துக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் 11 வெள்ளிக்கிழமை ஊராட்சிக் கூட்டத்தில் முடிவு. இல்லாவிட்டால் பாதையை வோஷ்லேக்கே விற்றுவிடுவார்களாம்.

1988-இல் நீ இங்கே தற்காலிகத் தபால்காரனாக இருந்தபோது தினமும் அந்த வழியாகத்தானே மிதித்தாய்? நினைவிருப்பதை எல்லாம் எழுது. அட்டையின் ஜெராக்ஸை மறக்காதே. நீதான் சொன்னாயே, வாசலுக்கு நேர் கீழே கடை.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
மிரெய்


லீல், 20 மார்ச் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானின் சளிக்குத் தைலம் போட்டு ஆவி பிடிக்கச் சொல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். சாட்சிக் கடிதத்தை நான்கு முறை எழுதினேன்.

"நான், எர்வே, செப்டம்பர் 1988 முதல் ஜூன் 1990 வரை வெர்நுவா தபால்காரனாக வேலை பார்த்தேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை எட்டேகாலுக்குக் குளத்தோரப் பாதையில் சைக்கிளில் சென்றேன். நுழையும் இடத்தில் சரளை பருமன், டயருக்கடியில் சோளம் பொரிகிற சத்தம் வரும். பாதிக்கு மேல் நுண்மணல், சத்தமே இருக்காது. அந்த இடத்தில் ஒருமுறை மான் ஒன்று நான் வருவது தெரியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மதகடியில் நடக்கிறவர்களும் விறகு சுமக்கிறவர்களும் எதிரே வருவார்கள். 1989 வசந்தம் முழுக்க, இப்போது பாதைக்கு உரிமை கோரும் திரு. வோஷ்லே அவர்களே வாரம் இருமுறை அந்த மதகடியில் எனக்காகக் காத்திருந்து, தன் தகப்பனார் கண்ணில் படாமல் நீல நிற உறைக் கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொள்வார். மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று என் கைப்பட எழுதி உறுதியளிக்கிறேன்."

ஜெராக்ஸ் கடை இயந்திரம் பழுதாம். அட்டையின் எண்ணை ஓரத்தில் எழுதியிருக்கிறேன், அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

உடம்பைக் கவனி.

எர்வே


வெர்நுவா, 27 மார்ச் 2014

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகள். அத்தான் தேறிவிட்டார், மறுபடியும் ஐந்து வார்த்தை. நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய், நம்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள்.

உன் சாட்சிக் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு சத்தமாக வாசித்தேன். சோளம் பொரிகிற சத்தம் என்றதும் அத்தான் முள்கரண்டியைக் கீழே வைத்து, "ஆமா, அப்படித்தான் இருக்கும்," என்றார். மூன்று வார்த்தை அதிலேயே போயிற்று. எனக்கு எழுதும் கடிதத்தில் எல்லாம் குடையை எண்ணுகிறவன், மேயருக்கு மட்டும் மான் காட்டுகிறாய்.

ஆனால் எண் போதாதாம். ஜெராக்ஸ் இல்லாத சாட்சி குப்பைக்கூடைக்குத்தான் என்று மேயர் ஆபீஸ் செயலாளர் சொல்லிவிட்டார். அந்த அம்மாளைத் தெரியும்தானே? கன்னி மரியாளே வந்து நின்றாலும் அட்டையைக் கேட்பாள். ஐம்பத்து நான்கு படி இறங்கினால் கடை. இயந்திரம் இதற்குள் சரியாகியிருக்கும். பதினோராம் தேதிக்கு முன்னால் வேண்டும்.

இன்னும் இரண்டு பேர் எழுதித் தந்திருக்கிறார்கள். ஒருவர் பாதையை அடுத்த ஊர்ப் பாதையோடு குழப்பிவிட்டார். இன்னொருவர் 1961-ஐப் பற்றி எழுதியிருக்கிறார். உன்னுடையது மட்டும்தான் நிற்கும்.

சூப் வைத்துக் குடி.

மிரெய்


லீல், 3 ஏப்ரல் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இயந்திரம் இன்னும் சரியாகவில்லை. அடையாள அட்டையையே இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பவும். உறையை வத்தெல் அம்மாள் தபாலில் சேர்ப்பார்.

எர்வே


வெர்நுவா, 12 ஏப்ரல் 2014

என் அருமைத் தம்பிக்கு,

வணக்கம், வாழ்த்து, முத்தம் எல்லாம் சேர்த்து எடுத்துக்கொள். ஜெயித்துவிட்டோம்!

கூட்டத்துக்கு முப்பது பேர். வழக்கமாக நான்கு பேர் வருவார்கள், அதில் ஒருவர் கதகதப்புக்கு வருகிறவர். சாட்சிக் கடிதம் என்றால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்க வாசிக்க வேண்டும் என்பது செயலாளரின் கொள்கை. வாசித்தாள். மான் வந்தபோது எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். பிறகு நீல உறை வந்தது.

முதல் வரிசையில் வோஷ்லேயின் மனைவி நிக்கோல் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி? எண்பத்தொம்பதா?" என்றாள்.

"ஆமாங்க, எண்பத்தொம்பது வசந்தம்," என்றாள் செயலாளர், தாளைச் சரிபார்த்து.

நிக்கோல் புருஷன் பக்கம் திரும்பினாள். "நான் உனக்கு எழுதினதெல்லாம் வெள்ளை உறை."

முப்பது தலையும் அவன் பக்கம் திரும்பின.

"மழையில நனைஞ்சிருக்கும், மை ஊறியிருக்கும்..." என்றான் வோஷ்லே.

"வசந்தம் முச்சூடுமா?"

செயலாளர், "இன்னும் ஒரு பத்தி இருக்கு, வாசிக்கவா?" என்றாள். உறுதிமொழிதான் மிச்சம், ஆனால் அது வோஷ்லேக்கு எப்படித் தெரியும்? எழுந்தே விட்டான். "வேணாம்! ஊர்ப் பாதைதான். யாரு இல்லைன்னா? எடுத்துக்கங்க. சங்கிலியை நாளைக்கே அவுக்கறேன்." இன்று காலை ஆறு மணிக்கே வந்து அவிழ்த்துவிட்டான். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை போல.

தபால்காரன் உறையின் நிறத்தைச் சொல்லலாமா, எர்வே? நீ பெரிய ஆள்தான்.

இனி விளையாட்டு இல்லை. நீ எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். குடையின் மேல்பக்கம். நாயின் முதுகு. கடையின் கூரை. ரொட்டிக்காரரின் உச்சி வழுக்கை. தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு ஒரு மனிதனின் வழுக்கைக்கு முன்னால் மூக்கு தெரியும். நீ எத்தனை மாதமாக அந்த மூன்றாவது மாடியை விட்டு இறங்கவில்லை? இயந்திரம் இன்னும் பழுது என்று நீ எழுதிய கடிதம் கிடைத்ததும் அந்தக் கடைக்குத் தொலைபேசினேன். அதற்கு ஒரு கேடும் இல்லை, வண்ணத்திலும் எடுத்துத் தருவார்களாம்.

உன் அடையாள அட்டை பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. தபாலில் அனுப்பமாட்டேன். வந்து வாங்கிக்கொள்.

கோபித்துக்கொள், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபி.

அக்கா,
மிரெய்


வெர்நுவா, 20 மே 2014

அன்புள்ள எர்வேக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகக் கேட்கிறேன்.

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. தினமும் பதினொரு மணிக்குத் தபால் வண்டிக்காக வேலி ஓரமே புல் வெட்டுகிறேன். அந்த இடத்தில் இனி புல்லே முளைக்காது. தபால்காரப் பெண்கூட, "இன்னிக்கும் இல்லீங்க," என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் பிடித்துவைக்க எனக்கு உரிமை இல்லை. வேடிக்கை செய்தே எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிறவள் நான், அது எல்லா இடத்திலும் பலிக்காது. அன்று அந்த லாரி திரும்பி உன் மேல் மோதியபோது நான் அங்கே இல்லை. உன்னைத் தான் பார்க்கவே இல்லை என்று ஓட்டுநர் சொன்னதாக மட்டும் ஒருமுறை சொன்னாய், அதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். மேயர் இந்த வேலைக்கு ஆள் தேடவில்லை. நான்தான் போய்க் கேட்டு வாங்கினேன். சைக்கிளில் ஏறத் தெரியாதவள் எதற்குக் கேட்டாள் என்று யோசித்துப் பார். லாரி வராத ஒரு முப்பத்தெட்டு கிலோமீட்டர் இந்த நாட்டில் எங்காவது இருக்கட்டும் என்றுதான். நீ வந்தாலும் வராவிட்டாலும் அது இருக்கும்.

மஞ்சள் பூப் புதர்கள் எல்லாம் பூத்துவிட்டன. குளத்தோரம் முழுக்க மஞ்சள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

மிரெய்


லீல், 14 ஜூன் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுமார். நலம் என்று எழுதிப் பழகிவிட்டது, அதை அடித்துவிட்டுச் சுமார் என்று எழுதியிருக்கிறேன். உனக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

பதினான்கு மாதம். நீ கேட்டதற்குப் பதில். பிசியோதெரபி முடிந்த அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். மறுநாள் போகலாம் என்று நினைத்தேன். அதற்கு மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

முதலில் உன் மேல் கோபம். நியாயமான கோபம். பிறகு அட்டை திரும்பி வந்தது. எடுத்துப் பார்த்தேன். புகைப்படத்தில் இருப்பவன் வெயிலில் கறுத்த ஆள். அன்று மாலை நான்கு மணிக்கு இறங்கினேன். இரண்டாம் மாடி வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். வத்தெல் அம்மாள் மேலே வந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, விழுந்துட்டீங்களா?"

"இல்லீங்க. எறங்கறேன்."

"உக்காந்துகிட்டா?"

"கொஞ்சம் கொஞ்சமா."

அவர் ரொட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அரை ரொட்டியை அங்கேயே தின்று தீர்த்தோம். பிறகு இறங்கினோம்.

எதிர் வீட்டு நாயின் மூஞ்சியைப் பார்த்தேன், அக்கா. ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

அதிலிருந்து தினமும் இறங்குகிறேன். போன வாரம் நிலவறையிலிருந்து சைக்கிளை மேலே கொண்டுவந்தேன். டயர் இரண்டும் வெடித்துப்போயிருந்தன. சரளைக்கு ஏற்ற அகல டயர் வாங்கிப் போட்டேன். கால்வாய்க் கரை வரை உன்னைப் போலவே தள்ளிக்கொண்டு போனேன். எனக்கும் ஒருவர் பஞ்சரா என்று கேட்டார். கரையில் யாரும் இல்லாத இடத்தில் ஏறி, இருநூறு மீட்டர் போனேன். அப்புறம் பாலத்தின் மேல் ஒரு லாரி சத்தம் கேட்டது. இறங்கிவிட்டேன். திரும்பவும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். வேடிக்கையாகப் பதில் எழுதாதே. அந்த எழுநூறு மீட்டரில் லாரி நுழையவே முடியாதா? சிறு லாரிகூட?

இருமல் இல்லாமல் இருங்கள்.

எர்வே


வெர்நுவா, 18 ஜூன் 2014

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைச் சாக்கடைக்குள் நின்றுகொண்டு படித்தேன், மேலே ஏறப் பொறுக்கவில்லை. எல்லோரும் சுகம். கோழிகள்கூட முட்டையிடத் தொடங்கிவிட்டன.

வேடிக்கை இல்லாத பதில். பாதையின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு பாறை வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் ஒன்றரை டன். வோஷ்லே தன் டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒரு மீட்டர் இருபது. நானே மூன்று முறை அளந்தேன். லாரி நுழையாது, கார் நுழையாது, வோஷ்லே மட்டும் பக்கவாட்டில் திரும்பி நுழைகிறான். பெரிய சாலைக்கும் பாதைக்கும் நடுவே குளமும் அறுபது மீட்டர் காடும் இருக்கின்றன. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் லாரி சத்தம் கேட்கும். அதை மறைக்கமாட்டேன். சத்தம் கேட்கும், லாரி வராது.

வோஷ்லே தினமும் வந்து புதர் வெட்டுகிறான். சாப்பாடும் இங்கேயேதான். "வீட்டுல இன்னும் உறை கலர்தான் ஓடுதா?" என்று கேட்டேன். "சரளையைக் கொட்டு, பேசாதே," என்றான்.

திறப்பு விழா செப்டம்பர் 13 சனிக்கிழமை காலை. அதற்கு முன்னால் வா.

இறங்குகிறவன் நன்றாகச் சாப்பிட வேண்டும்.

மிரெய்


லீல், 25 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை அடிக்கவில்லை.

செப்டம்பர் 3, மாலை ரயில், சைக்கிளோடு. கால்வாய்க் கரையில் இப்போது ஆறு கிலோமீட்டர். பாலத்துக்கடியில் இன்னும் இறங்கித்தான் தள்ளுகிறேன்.

பத்து நாள் தங்குவேன். அத்தானிடம், பன்றிக்கொழுப்பில் சுட்ட அந்தத் தடித்த அடை வேண்டும் என்று சொல்.

எர்வே


வெர்நுவா, 15 செப்டம்பர் 2014

அன்புள்ள என் தம்பிக்கு,

பத்திரமாக வீடு சேர்ந்தாயா? தொடை வலிக்கிறதா? வலிக்கட்டும், நல்ல வலி. இங்கே எல்லோரும் சுகம். அத்தான் மூன்று நாளாக உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்.

இங்கே இருந்த ஒன்பது நாளும், நாங்கள் எழுவதற்கு முன்னால் நீ பாதைக்குப் போய்வந்ததை நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. டயர் தடம் சொன்னது. முதல் நாள் தடத்துக்குப் பக்கத்திலேயே உன் காலடியும் இருந்தது. ஐந்தாம் நாள் பாதி தூரத்தில் காலடி நின்று, தடம் மட்டும் போயிற்று. எட்டாம் நாள் முழுப் பாதையிலும் காலடியே இல்லை. நான் சரளையை வாரிவிடுகிற சாக்கில் தினமும் போய்ப் பார்த்தேன். மேயர் என் உழைப்பைப் பாராட்டினார்.

சனிக்கிழமை நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். உன் பை வோஷ்லேயின் வண்டியில் ஸ்டேஷனுக்குப் போவது, நீ காட்டுப் பாதையிலேயே மிதித்துக் கொர்பிஞி ஸ்டேஷன் போய் ரயிலைப் பிடிப்பது என்பதுதான் ஏற்பாடு. மேயர் பத்து மணிக்குள் பேசி முடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பத்தேகாலுக்கு அவர் ஊர் வரலாற்றில் ரோமானியர் காலத்தில்தான் இருந்தார். மூவண்ண நாடாவை அந்தப் பாறை இரண்டுக்கும் குறுக்கே கட்டியிருந்தோம். எழுபது பேர் நின்றார்கள். அப்போது பெரிய சாலையில் ஒரு மரலாரி இறங்கியது. காற்று அந்தப் பக்கம். சத்தம் நன்றாகவே கேட்டது. நான் மேட்டைப் பார்த்தேன். நீ மேட்டில் வந்துகொண்டிருந்தாய்.

இறங்கிவிடுவாய் என்று நினைத்தேன். நீ மணியை அடித்தாய்.

"ஓரம்! ஓரம் போங்க! தபால் வருது!" என்று கத்தியது வோஷ்லே. எழுபது பேரும் புதருக்குள் இறங்கினார்கள். மேயர் மட்டும் பேசிக்கொண்டே நகர்ந்தார். நீ என்னைக் கடந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். பத்தொன்பது வயதுத் தபால்காரப் பயலின் வாய் மாதிரி, பல் முழுக்கத் தெரிந்தது. நாடா உன் நெஞ்சில் பட்டு இழுபட்டுக்கொண்டு போயிற்று. முதலில் சோளம் பொரிகிற சத்தம் கேட்டது, பிறகு மணல் வந்ததும் சத்தம் இல்லை. நீ திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல வேளை, என் மூக்கு சிவந்திருந்தது, சளி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வசந்தத்தில் வா. வத்தெல் அம்மாளையும் கூட்டிவா. தண்ணீர் நிறையக் குடி, குளிருக்கு முழங்காலை மூடிக்கொள்.

உன் அக்கா,
மிரெய்

பி.கு. மேயர் கோபமாக இருக்கிறாரா என்று கேட்பாய். இல்லை. நாடாவில் ஒரு மீட்டருக்கு மேல் உன்னோடு போய்விட்டது. வலப்பக்கப் பாறையில் முடிச்சு மட்டும் இருந்தது. இடப்பக்கத்தில் பதினொரு சென்டிமீட்டர் மிச்சம், அளந்தேன். மேயர் ரோமானியர்களிலிருந்து இன்றுவரை வந்து சேர்ந்தார், பேச்சை முடித்தார், செயலாளரிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கினார், குனிந்து அந்தப் பதினொரு சென்டிமீட்டரை வெட்டினார். பாதை திறக்கப்பட்டதாக அறிவித்தார். நாங்கள் கைதட்டினோம்.